‘நாக்லாஸ்’ என்றால் விலைக்கழிவு என்று நினைத்திருந்தேன்

என் சின்ன மாமா 2022 ஜனவரிக் கடைசியில், ஜேர்மனியின் ரூர் பகுதியிலுள்ள ஒரு நகரத்தில், தாம் 22 ஆண்டுகள் தனியாக வாழ்ந்த இரண்டறை வீட்டில் மாரடைப்பால் காலமானார். அம்மாவின் கடைசித் தம்பி அவர். 1984இல் இங்கே வந்து, முதலில் உணவக அடுக்களைகளிலும் பிறகு ஒரு பண்டகசாலையிலும் வேலை செய்தார், திருமணம் செய்யவில்லை. அம்மா 2009இலேயே போய்விட்டார். பெரிய மாமா ரொறன்ரோவில், பெரியம்மா யாழ்ப்பாணத்தில், என் தம்பி லண்டனில். ஆகவே ஜேர்மனியில் மாமாவுக்கென்று இருந்தது நான் ஒருத்திதான். செத்தவீட்டு வேலைகள் என் தலையில் விழும் என்று தெரிந்தே இருந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதங்கள் ஓடிய கடித வேலையைப் பற்றித்தான் எனக்கு எவரும் சொல்லி வைக்கவில்லை. முதியோர் இல்லம் ஒன்றில் 19 ஆண்டுகளாகப் பராமரிப்பு வேலை செய்கிறேன்; ஜேர்மன் மொழியில் அறிக்கை எழுதுகிறேன், மருத்துவர்களோடு வாதாடுகிறேன். அந்த மொழி எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கைதான் என்னை முதலில் கவிழ்த்தது.

மாமாவின் வீட்டை நிர்வகிக்கும் நிறுவனத்திடமிருந்து பெப்ரவரி நடுப்பகுதியில் ஒரு கடிதம் வந்தது. தலைப்பில் ‘நாக்லாஸ்’ என்றும் அதற்குப் பக்கத்தில் மாமாவின் பெயரும் இருந்தன. நாக்லாஸ் என்ற சொல்லைத் தளபாடக் கடையிலும் வாகனக் காப்புறுதிக் கடிதங்களிலும் நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். பத்து வீதம் நாக்லாஸ் என்றால் பத்து வீதம் விலைக்கழிவு. ஆள் இறந்துவிட்டதால் வாடகையில் ஏதோ குறைத்துத் தருகிறார்கள் போலும் என்று எண்ணி, “நல்ல மனிதர்களாக இருக்கிறார்கள், வாடகையில் கழிவு தருகிறார்களாம்” என்று பெரிய மாமாவுக்குத் தொலைபேசியில் சொல்லியும் விட்டேன். அந்தியேட்டி வேலைகள் முடிந்த பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம் என்று கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன். உண்மையில் நாக்லாஸ் என்பதற்கு இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து முழுவதும் என்றும் பொருள் உண்டு. ‘நாக்’ என்றால் பின்னால், ‘லாஸன்’ என்றால் விடுதல்; விலையில் விட்டுக்கொடுப்பதும் நாக்லாஸ்தான், உலகத்தை விட்டுப் போகிறவர் பின்னால் விட்டுப்போவதும் நாக்லாஸ்தான். அந்தக் கடிதம் என்னிடம் கேட்டது, வாடகை ஒப்பந்தத்தை மாமாவின் வாரிசுகள் தொடரப் போகிறார்களா, முறிக்கப் போகிறார்களா என்பதை. ஜேர்மன் சட்டத்தில், வீட்டில் கூட வாழ்ந்தவர் எவரும் இல்லாவிட்டால், வாடகை ஒப்பந்தம் இறப்போடு முடிந்துவிடுவதில்லை. அது வாரிசுகளின் பெயரில் தானாகவே தொடர்கிறது. முறிப்பதானால் மூன்று மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும், அந்த அறிவித்தல் மாதத்தின் மூன்றாவது வேலைநாளுக்குள் அவர்கள் கையில் கிடைத்தால்தான் அந்த மாதம் கணக்கில் சேரும்.

நான் அதைப் புரிந்துகொண்டபோது மார்ச் பாதி கடந்திருந்தது. புரிந்த அன்றே முறிப்புக் கடிதம் எழுதி அனுப்பினேன்; என் கையெழுத்து மட்டும் போதாது, வாரிசுகள் எல்லோரும் மையால் கையெழுத்திட்ட மூலப் பிரதி வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மின்னஞ்சலில் வந்த படமும் தொலைநகலும் வீட்டு வாடகை முறிப்புக்குச் செல்லாது. கடதாசி லண்டனுக்குப் போய், ரொறன்ரோவுக்குப் போய், யாழ்ப்பாணத்துக்குப் போய்த் திரும்பி வர மே மாதம் பிறந்துவிட்டது. வீடு ஜூலை முடிவில்தான் எங்கள் கையை விட்டுப் போனது. மாத வாடகை 510 யூரோ. கடிதத்தைப் பெப்ரவரியிலேயே வாசித்து மற்ற மூவருக்கும் தனித்தனியே கையெழுத்துப் பிரதி அனுப்பியிருந்தால் குறைந்தது இரண்டு மாத வாடகை, அதாவது 1,020 யூரோ, மிஞ்சியிருக்கும். ஆகவே முதலில் சொல்ல வேண்டியது இது: இறந்தவரின் பெயரோடு எந்தக் கடிதம் வந்தாலும், அதிலுள்ள சொல் உங்களுக்குத் தெரிந்த சொல்லாக இருந்தாலும், அன்றே முழுவதும் வாசியுங்கள். வாசித்த கையோடு, இறந்தவரின் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும் பணங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். தொலைபேசி, மின்சாரம், மாதம் 18.36 யூரோ வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் எல்லாம் ஆள் இறந்தது தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தன. இறப்புப் பத்திரத்தின் பிரதியை அனுப்பி ஒவ்வொன்றாக நிறுத்தும் வரை எதுவும் தானாக நிற்கவில்லை. பதிவகத்தில் நான் இறப்புப் பத்திரத்தின் இரண்டு மூலப் பிரதிகளை மட்டுமே கேட்டு வாங்கினேன். அது போதவில்லை, குறைந்தது ஆறு வாங்கி வைத்திருக்க வேண்டும்.

மார்ச் 21 அன்று, ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மாமா வாழ்ந்த நகரத்து ‘அம்ட்ஸ்கெரிக்ட்’ என்னும் கீழ்நிலை நீதிமன்றத்துக்குப் போனேன். வாரிசுரிமை விடயங்களைக் கவனிக்கும் அதன் பிரிவுக்கு ‘நாக்லாஸ்கெரிக்ட்’ என்று பெயர். படிவம் ஒன்று தந்தார்கள். முதல் கட்டத்தில் ‘எர்ப்லாஸர்’ என்று இருந்தது. எர்பே என்றால் வாரிசு என்று எனக்குத் தெரியும். ஆகவே எர்ப்லாஸர் என்பது வாரிசாக விண்ணப்பிக்கிறவராக இருக்கும் என்று முடிவு கட்டி, என் பெயர், என் பிறந்த திகதி, என் முகவரி எல்லாவற்றையும் அழகாக எழுதிக் கொடுத்தேன். அலுவலர் பெண்மணி வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, “நீங்கள்தான் இறந்தவரா?” என்று கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார். எர்ப்லாஸர் என்றால் சொத்தை விட்டுச் செல்கிறவர், அதாவது இறந்தவர். பெறுகிறவரோ ‘டேர் எர்பே’. அதே சொல்லுக்கு ‘டாஸ்’ என்ற முன்னொட்டைப் போட்டால் ‘டாஸ் எர்பே’, வாரிசு பெறும் சொத்து. ஆணா, பெண்ணா, அஃறிணையா என்று ஜேர்மன் சொற்களுக்குப் பால் பிரிப்பதை வகுப்பில் படித்தபோது, இதனால் யாருக்கு என்ன பயன் என்று சலித்துக்கொண்டவள் நான். ஒரு முன்னொட்டு மாறினால் ஆளுக்குப் பதில் சொத்தும், சொத்துக்குப் பதில் ஆளும் வந்து நிற்கும் என்பதை அந்த மேசைக்கு முன்னால்தான் கற்றேன்.

அன்று அவரிடமிருந்து கேட்ட அடுத்த சொல்லுக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அவுஸ்ஷ்லாகுங்குக்கான ஆறு வாரங்கள் கடந்துவிட்டன, தெரியும்தானே?” என்றார். முதியோர் இல்லத்தில் ‘அவுஸ்ஷ்லாக்’ என்றால் தோலில் போடும் தடிப்பு. தினமும் எழுதுகிற சொல். இங்கே அது வாரிசுரிமையை வேண்டாம் என்று தட்டிவிடுவது. ஜேர்மன் சட்டத்தின் அடிப்படை நான் கொஞ்சமும் எதிர்பாராததாக இருந்தது. 1900ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த அவர்களது குடியியல் சட்டக்கோவையின் 1922ஆம் பிரிவு, ஒருவர் இறந்த கணத்திலேயே அவருடைய சொத்து முழுவதும் ஒரே கட்டாக வாரிசுகளின் கைக்குப் போய்விடுகிறது என்கிறது. எவரும் கேட்க வேண்டியதில்லை, எவரும் கையெழுத்திட வேண்டியதில்லை. அந்தக் கட்டுக்குள் கடனும் இருக்கும். வேண்டாம் என்றால், இறப்பும் தாம் வாரிசு என்பதும் தெரிந்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுக்க வேண்டும். சும்மா இருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். நான் மாமாவின் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, எங்கெங்கே கடன் இருக்கிறது என்று ஒன்றும் அறியாமல் அந்த ஆறு வாரத்தையும் அழுதும் சமைத்தும் ஆட்களுக்குத் தேநீர் கொடுத்தும் கழித்திருந்தேன். நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்து தரிப்பிடத்தில் பேருந்துகள் இரண்டைத் தவறவிட்டேன். மாமா சூதாடாதவர், ஆனால் எவர் கேட்டாலும் பிணை நிற்கிறவர். யாருக்கெல்லாம் கையெழுத்து வைத்திருந்தாரோ என்று மூன்று வாரம் நித்திரை இல்லை. கடைசியில் வங்கிக் கடன் 4,200 யூரோ மட்டும்தான் என்று தெரிந்தது. அது அதிர்ஷ்டம், என் கெட்டித்தனம் இல்லை. கடன் சொத்தை விஞ்சும் என்று பின்னால் தெரிய வந்தாலும் வழிகள் உண்டு: நாக்லாஸை மட்டும் வங்குரோத்து நடைமுறைக்கு உட்படுத்தி, வாரிசின் சொந்தப் பணத்தைக் காப்பாற்றலாம். ஆனால் அவற்றுக்கெல்லாம் சட்டத்தரணியும் காசும் வேண்டும். ஆறு வாரத்துக்குள் மறுப்பதற்கு, கடன் மிகுந்த சொத்தாக இருந்தால், நீதிமன்றக் கட்டணம் அப்போது 30 யூரோதான்.

மறுப்பது பற்றி எங்கள் குடும்பத்துக்குள் நடந்த குழப்பத்தையும் சொல்ல வேண்டும். பெரிய மாமா, “எனக்கு ஒன்றும் வேண்டாம், என் பங்கை நீயே எடு, நான் எழுதித் தருகிறேன்” என்று நீதிமன்றத்துக்கு நல்ல மனத்தோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அதில் மூன்று பிழைகள் இருந்தன. முதலாவது, மறுப்பை நீதிமன்றத்தில் நேரில் போய்ப் பதிவு செய்ய வேண்டும், அல்லது நொத்தாரிசு முன்னிலையிலோ ஜேர்மன் தூதரகத்திலோ கையெழுத்தை உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும். வெறும் கடிதமும் மின்னஞ்சலும் இல்லாததற்குச் சமம். இரண்டாவது, ஒருவருக்குச் சாதகமாக மறுக்க முடியாது, நிபந்தனை வைத்தாலே மறுப்பு செல்லாது. மூன்றாவது, அவர் மறுத்தால் அவருடைய பங்கு எனக்கு வராது. அவர் மாமாவுக்கு முன்பே இறந்துவிட்டதாகக் கொண்டு கனடாவிலுள்ள அவருடைய பிள்ளைகளுக்குப் போகும், சிறு பிள்ளைகள் என்றால் அவர்களுக்காகவும் பெற்றோர் மறுக்க வேண்டியிருக்கும். கடனுக்குப் பயந்து மறுக்கிற பலர் இந்த மூன்றாவதில்தான் அகப்படுகிறார்கள்: தாங்கள் தப்பிக் கடனைப் பிள்ளைகளின் மடியில் போட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் வாரிசுக்கு ஆறு வாரம் அல்ல, ஆறு மாதம் தவணை என்பது பெரிய மாமாவுக்கு யோசிக்க நேரம் தந்தது. பிறகு அவர் மறுக்கவில்லை.

இதற்கிடையில் பெரியம்மாவுக்குத் தெரிந்த ஒருவர், மாமா இலங்கைக் குடியுரிமையோடு இறந்தவர், ஆகவே தேசவழமைதான் பொருந்தும் என்று சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்து வழக்கங்களை 1707இல் ஒல்லாந்தர் எழுதி வைத்த அந்தச் சட்டத்தில் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்து எப்படி வந்தது என்பதைப் பார்த்துப் பிரிப்பார்கள். நாங்களும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறோம். மாமாவிடம் இருந்தது எல்லாம் அவர் தேடிய தேட்டம், அதைப் பிரிக்க வேறு கணக்கு என்று பெரியம்மா பிடிவாதமாக இருந்தார். ஜேர்மன் சட்டத்துக்கு அந்தப் பிரிவு ஒன்றும் கண்ணில் படாது. 2015 ஓகஸ்ட் 17 முதல் நடக்கும் இறப்புகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வாரிசுரிமை விதிப்படி, இறந்தவர் கடைசியாக வழமையாக வாழ்ந்த நாட்டின் சட்டமே செல்லும். குடியுரிமை உள்ள நாட்டின் சட்டம் வேண்டுமென்றால் உயிரோடு இருக்கும்போதே மரணசாசனத்தில் அதைத் தெரிவு செய்திருக்க வேண்டும். மாமா தெரிவு செய்யவில்லை. ஆகவே பிள்ளையோ மனைவியோ பெற்றோரோ இல்லாத அவருடைய நாக்லாஸ் உடன்பிறந்தவர்கள் மூவருக்கும் சமமாகப் பிரிந்தது: பெரிய மாமாவுக்கு மூன்றில் ஒன்று, பெரியம்மாவுக்கு மூன்றில் ஒன்று, இறந்துபோன அம்மாவின் மூன்றில் ஒன்று எனக்கும் தம்பிக்கும் பாதி பாதியாக. தம்பி எங்கோ ‘ஃப்லிக்ட்டைல்’ என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, கட்டாயப் பங்கு என்று ஒன்று இருக்கிறதாமே, அதை ஏன் கேட்கவில்லை என்றான். ஃப்லிக்ட் என்றால் கடமை; ஆனால் அது வாரிசு கட்டாயம் எடுக்க வேண்டிய பங்கு அல்ல. மரணசாசனத்தில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் துணைவரும், பிள்ளைகள் இல்லாத இடத்தில் பெற்றோரும், தங்களுக்குரிய சட்டப் பங்கின் பாதியைப் பணமாகக் கேட்கும் உரிமை. உடன்பிறந்தவர்களுக்கும் மருமக்களுக்கும் அது கிடையவே கிடையாது.

மரணசாசனம் என்றதும் என் நெஞ்சை இப்போதும் அறுக்கிற விடயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் மாமாவின் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது, வாடகை ரசீதுகளுக்கு நடுவே, கணினியில் தமிழில் தட்டச்சுச் செய்து அச்செடுத்த ஒரு பக்கக் கடதாசி கிடைத்தது. கீழே மாமாவின் கையெழுத்தும் திகதியும் இருந்தன. ஊர் வாசிகசாலைக்கு 5,000 யூரோ, மிச்சம் எல்லாம் “என் செத்தவீட்டைச் செய்யப்போகிற மருமகளுக்கு” என்று இருந்தது. எத்தனை வருடத்துக்கு முன்பே என்னைத் தெரிந்து வைத்திருந்தார் என்று நினைத்து அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இப்படி ஒரு பத்திரத்தைக் கண்டெடுத்தவர் அதை உடனே நீதிமன்றத்திடம் ஒப்படைப்பது சட்டக் கடமை. பிடிக்காததை மறைத்தால் குற்றம். ஒப்படைத்தேன். அதை ‘திறந்து’ வாசித்துப் பதிவு செய்ய 100 யூரோ கட்டணம். முடிவு: செல்லாது. ஜேர்மனியில் நொத்தாரிசு இல்லாமல் எழுதும் மரணசாசனம் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை எழுதியவரின் கையெழுத்திலேயே இருக்க வேண்டும். அச்சிட்ட பக்கத்துக்குக் கீழே கையொப்பம் வைப்பதில் பயன் இல்லை. தமிழில் இருந்தது தடையே இல்லை, எந்த மொழியிலும் எழுதலாம். மாமாவின் எழுத்து முத்து முத்தானது. தட்டச்சுத்தான் கௌரவமாக இருக்கும் என்று நினைத்திருப்பார். கையால் எழுதியிருந்தால் நானே தனி வாரிசு. வாசிகசாலைக்குப் போவது ‘ஃபெர்மெக்ட்னிஸ்’. இதுவும் ஏமாற்றுகிற சொல். நாளிதழ்களில் ஒரு தலைவரின் ஃபெர்மெக்ட்னிஸ் என்றால் அவர் விட்டுச்சென்ற சிந்தனையும் புகழும். சட்டத்திலோ, வாரிசு அல்லாத ஒருவருக்கு இன்ன பொருள், இவ்வளவு பணம் என்று குறித்து வைப்பது. குறித்து வைக்கப்பட்டவர் வாரிசு ஆவதில்லை, கடனுக்கும் பொறுப்பில்லை. தம் பொருளை வாரிசிடம் கேட்டு வாங்கும் உரிமை மட்டும் அவருக்கு உண்டு. இன்னொன்றும் மிஞ்சியிருக்கும்: கையால் எழுதி நீதிமன்றம் திறந்து பதிந்த மரணசாசனம் தெளிவாக இருந்தால், வாரிசுச் சான்றிதழ் இல்லாமலே வங்கி ஏற்க வேண்டும் என்று ஜேர்மனியின் உயர் சமஷ்டி நீதிமன்றம் 2016இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

எங்களுக்கு அந்த வழி அடைபட்டதால் ‘எர்ப்ஷைன்’ என்னும் வாரிசுச் சான்றிதழ் தேவைப்பட்டது. வாரிசுகள் நால்வரும் சேர்ந்து இப்போது ஓர் ‘எர்பன்கெமைன்ஷாஃப்ட்’. கெமைன்ஷாஃப்ட் என்றால் சமூகம், ஒற்றுமை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், ஒரு கதிரையை விற்பதற்கும் நான்கு நாட்டிலிருந்து சம்மதம் வேண்டும் என்பது அதன் பொருள். நல்ல வேளையாக, எல்லோருக்குமான சான்றிதழை ஒருவரே விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பத்துக்கு மே மாதம் நாள் குறித்து, ‘ஐடஸ்ஷ்டாட்லிக்க ஃபெர்ஸிகெருங்’ தர வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஃபெர்ஸிகெருங் என்றால் காப்புறுதி. மாமாவின் மருத்துவக் காப்புறுதி, ஆயுள் காப்புறுதி, என் காப்புறுதி என்று எல்லாக் கோவைகளையும் ஒரு பெரிய பையில் கட்டிக்கொண்டு போனேன். அவர்கள் கேட்டது சத்தியக் கடதாசி: மாமா மணம் முடிக்கவில்லை, பிள்ளை இல்லை, வேறு மரணசாசனம் எனக்குத் தெரியாது என்று சத்தியத்துக்கு நிகராக உறுதி கூறுவது. காப்புறுதியும் உறுதிதானே என்று வீட்டுக்கு வந்து யோசித்தபோது தமிழிலும் அதே வேர் இருப்பதைக் கண்டு கொஞ்சம் ஆறுதல். ஆனால் அவர்கள் உண்மையில் எதிர்பார்த்த பத்திரங்கள் பையில் இல்லை. அம்மம்மா, அம்மப்பாவின் இறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், உடன்பிறந்தவர்கள் எல்லோருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அம்மாவின் இறப்புப் பத்திரம் ஆகியவற்றை யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பித்து, நீதிமன்றம் ஏற்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து வாங்க 640 யூரோவும் பத்து வாரமும் போயின. ஒரு பத்திரத்தில் பெயர் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் இருந்தமைக்கு இரண்டு தடவை விளக்கம் எழுதினேன். குடும்பத்தில் எல்லோரும் நலமாக இருக்கும்போதே இந்தப் பத்திரங்களை எடுத்து ஒரு கோவையில் போட்டு வையுங்கள். சான்றிதழ் ஓகஸ்டில் வந்தது. கட்டணம் சத்தியக் கடதாசிக்கு 125 யூரோ, சான்றிதழுக்கு 125 யூரோ. சொத்திலிருந்து மாமாவின் கடனைக் கழித்த 27,200 யூரோவின் மேல் கணக்கிட்டார்கள்.

சான்றிதழ் வரும் வரை வங்கி ஒரு சதமும் தராது என்று எண்ணி, ஈமச் செலவு 4,900 யூரோவை என் சேமிப்பிலிருந்தும் தோழி ஒருத்தியிடம் 2,500 யூரோ கைமாற்று வாங்கியும் கட்டினேன். அது தேவையே இருக்கவில்லை. ஈமச்சடங்கு நிறுவனத்தின் பற்றுச்சீட்டையும் இறப்புப் பத்திரத்தையும் கொண்டுபோனால், பெரும்பாலான வங்கிகள் இறந்தவரின் கணக்கிலிருந்தே நேரடியாகக் கட்டிவிடுகின்றன. கேட்டிருந்தால் செய்திருப்போம் என்று செப்டெம்பரில் வங்கி அலுவலர் சாவகாசமாகச் சொன்னார். இதையெல்லாம் விடச் சுலபமான வழி, மாமா உயிரோடு இருந்தபோது வங்கியின் சொந்தப் படிவத்தில், இறப்புக்குப் பின்னும் செல்லும் ‘ஃபொல்மாக்ட்’ என்னும் அதிகாரப் பத்திரம் ஒன்றை எனக்குத் தந்திருப்பது. ஒரு பின்னேரம் இருவரும் வங்கிக்குப் போயிருந்தால் முடிந்திருக்கும். சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வீட்டைக் காலி செய்வதிலும் ஒரு சொல்லால் காசு போனது. ‘என்ட்ரூம்பலுங்’ செய்து தருவீர்களா என்று ஒரு நிறுவனத்தைக் கேட்டேன். கெரூம்பல் என்றால் குப்பைகூளம். எல்லாவற்றையும் குப்பையாகக் கருதி அள்ளிக்கொண்டு போவதற்கு 1,850 யூரோ வாங்கினார்கள். மாமாவின் பழைய தையல் இயந்திரமும், நல்ல நிலையிலிருந்த துணி துவைக்கும் இயந்திரமும், தேக்கு மேசையும் அதோடு போயின. ‘ஹவுஸ்ஹால்ட்ஸ்அவுஃப்லோசுங்’, வீட்டுக் குடித்தனத்தைக் கலைத்தல், என்று கேட்டு, பயன்படும் பொருள்களின் பெறுமதியைக் கழித்துக் கணக்குத் தாருங்கள் என்று எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். வீட்டை ‘பேசன்ரைன்’ ஆக ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததைப் பார்த்து, மூன்று இரவுகள் முழங்காலில் நின்று ஓடுகளுக்கிடையே பல் தூரிகையால் உரஞ்சினேன். அதன் பொருள் தும்புத்தடியால் கூட்டிய அளவு சுத்தம் என்பது மட்டுமே. கூட்டிவிட்டால் போதும்.

வரி பற்றி அதிகம் சொல்ல இல்லை. ‘ஷ்டொயர்கிளாஸே இரண்டு’ என்று கடிதத்தில் கண்டு, சம்பளத்தில் இருக்கும் வரி வகுப்புத்தான் மாறிவிட்டது என்று பயந்தேன். அது வாரிசுரிமை வரிக்கான தனி வகுப்பு, சம்பளத்தோடு தொடர்பில்லை. உடன்பிறந்தவர்களுக்கும் மருமக்களுக்கும் ஆளுக்கு 20,000 யூரோ வரை வரி இல்லை. பிள்ளைக்கு அது 400,000, துணைவருக்கு 500,000. எங்கள் பங்கு அந்த எல்லைக்கு வெகு கீழே. ஆனாலும் மூன்று மாதத்துக்குள் வரி அலுவலகத்துக்கு ஒரு சாதாரணக் கடிதம் எழுதுவது நல்லது. 5,000 யூரோவுக்கு மேல் கணக்கில் இருந்தால் வங்கி எப்படியும் அவர்களுக்கு அறிவித்துவிடும்.

சொற்களோடு மல்லுக்கட்டிய அந்த மாதங்களில் இரண்டு சொற்கள் என்னை வேறு விதமாகத் தொட்டன. நடைபாதைகளில் நாய் வைத்திருப்பவர்களுக்கு எழுதி வைத்திருக்கும் பலகைகளில், நாயின் எச்சத்துக்கு நாகரிகமாக ‘ஹின்டர்லாஸன்ஷாஃப்ட்’ என்று போடுவார்கள். மாமாவின் சொத்து விபரத்திலும் அதே சொல் இருந்தது. தமிழிலும் எச்சம் என்றால் பறவை இடுவதும், ஒருவருக்குப் பின் எஞ்சுவதும், பிள்ளையும்தான். இரண்டு மொழிக்காரரும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியிருக்கிறார்கள். மற்றது ‘ட்ரைஸிக்ஸ்டர்’, முப்பதாம் நாள். இறந்தவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்து அவருடைய ஆதரவில் இருந்த குடும்பத்தினரை, இறந்த நாளிலிருந்து முப்பது நாள்களுக்கு முன்போலவே வீட்டில் இருக்கவிட்டு வாரிசு சாப்பாடு போட வேண்டும் என்று சட்டக்கோவையின் 1969ஆம் பிரிவு சொல்கிறது. மாமாவோடு எவரும் வாழவில்லை என்பதால் எங்கள் வழக்கில் அதற்கு வேலை இல்லை. நாங்கள் அந்தியேட்டி செய்ததோ 31ஆம் நாள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மாமாவின் வங்கியில் இருந்தது 31,400 யூரோ. கடன், ஈமச் செலவு, ஆறு மாத வாடகை, வீடு காலி செய்தல், நீதிமன்றம், மொழிபெயர்ப்பு எல்லாம் போய், வாடகை முற்பணம் 900 யூரோ திரும்பி வந்ததைச் சேர்த்தால் சுமார் 17,300 மிஞ்சியது. செல்லாத கடதாசிதானே, வாசிகசாலைக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று தம்பி கேட்டான். தேசவழமை பேசிய பெரியம்மாதான், “செல்லாதது அவையளுக்கு, எங்களுக்கு இல்லை” என்று ஒரே வசனத்தில் முடித்தார். 5,000 யூரோ ஊருக்குப் போனது. எனக்கு வந்தது ஏறத்தாழ 2,050 யூரோ. அதற்காக நான் எடுத்த சம்பளமில்லா விடுப்பு பதினொரு நாள். மிச்சம் எல்லாம் உனக்கு என்று மாமா எழுதியதைப் பற்றி எவரும் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை. அதில் எனக்கு மனவருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

அடுத்த வருடம் என் மரணசாசனத்தை நான் எழுதினேன். பிள்ளைகள் மொழிபெயர்ப்புக்குக் காசு கட்ட வேண்டாம் என்று ஜேர்மன் மொழியில், நீல மையால், முழுவதும் கையால், இடமும் திகதியும் போட்டு. வீட்டு அலுமாரியில் வைக்காமல் நீதிமன்றத்தின் பாதுகாப்பில் கொடுத்தேன். ஒரே தடவை 75 யூரோ, அதோடு மத்திய பதிவேட்டில் பதிய ஒரு சிறு தொகை. இறப்புப் பதிவானதும் பதிவேட்டிலிருந்து நீதிமன்றத்துக்குத் தகவல் தானாகவே போகும், எவரும் அலுமாரியைக் கிளற வேண்டியதில்லை. ஒப்படைப்புப் படிவத்தின் முதல் கட்டத்தில் ‘எர்ப்லாஸர்’ என்று இருந்தது. என் பெயரையும் பிறந்த திகதியையும் எழுதினேன். அலுவலர் பார்த்துவிட்டுச் சரி என்றார்.